உஷார்! இடது இருக்கை விற்பனைக்கு இல்லை

அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றிலிருந்து உங்கள் மகனுக்கோ மருமகனுக்கோ வேலைக் கடிதம் வந்திருக்கிறதா? பாயசம் வைப்பதற்கு முன்னால் பதவி என்ன என்று பாருங்கள். "கேப்டன்" என்று போட்டிருக்கிறதா? பத்தாயிரம் மணி நேரம் பறந்தவர் என்பதால் போய் இறங்கியதும் இடது இருக்கையில் உட்கார வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறதா? அப்படியானால் அந்தக் கடிதம் பொய். சின்னம் அசலா, கையெழுத்து யாருடையது என்றெல்லாம் ஆராய வேண்டாம். அமெரிக்கச் சட்டமே அதைப் பொய் என்று சொல்லிவிட்டது.

எப்படி என்று கேட்பீர்கள். அட்டவணை போட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் அமெரிக்க நிறுவனங்கள் எல்லாம் "பார்ட் 121" என்ற விதித் தொகுப்புக்குள் வருகின்றன. அதில் 121.436 என்று ஒரு விதி. அங்கே ஒருவர் கேப்டனாக அமர வேண்டுமானால், முதலில் அதே அமெரிக்க விதிகளின் கீழ் துணை விமானியாக 1,000 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள்ளேயே வேறு சில வகைப் பறப்புகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். கோலாலம்பூரிலும் துபாயிலும் டோஹாவிலும் பறந்த நேரம் அதில் சேராது. இருபது வருஷம் கேப்டனாக இருந்தவரும் வலது இருக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாதத்துக்கு அறுபது, எழுபது மணி நேரம் பறந்தால் அந்த ஆயிரத்தைத் தொட ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆகும். புதிதாகச் சேர்ந்தவரைக் கூப்பிட்டால் வா என்று காத்திருப்பில் வைத்துவிட்டால் இன்னும் கூடும்.

மோசடிக்காரனுக்கு இந்த விதி தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட மாட்டான். அவன் குறி வைப்பது விமானியை மட்டும் அல்ல, விமானியின் அப்பாவையும்தான். அதனால்தான் இதை விமானிகளுக்கு எழுதுகிற அளவுக்கு அவர்களைப் பெற்றவர்களுக்கும் எழுதுகிறேன்.

மலேசியாவின் சித்தியவானில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஆயர் தாவார், சுங்கை வாங்கி என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய குடும்பம் ஒன்று பிள்ளையை விமானப் பள்ளியில் சேர்க்கிறது என்றால், அது ஒரு வீட்டுச் செலவாக நிற்பதில்லை. மூன்று லட்சம் ரிங்கிட் அளவில் ஆகும் படிப்பு அது. அத்தை நகையைக் கழற்றுவார், மாமா பிணைக் கையெழுத்துப் போடுவார், நிலம் அடமானத்துக்குப் போகும். அப்படி ஒரு பிள்ளை நான்கு தங்கப் பட்டை தோளில் ஏற்றிக்கொண்டால், அவன் வேலை ஆடும்போது குடும்பம் முழுவதும் ஆடும். ஆடுகிற குடும்பத்துக்குத்தான் "அமெரிக்கா" என்ற சொல்லைச் சுலபமாக விற்க முடியும்.

ஆட்டம் இந்த நாட்டில் கொஞ்ச நஞ்சம் இல்லை. 2014 மார்ச் 8-ல் எம்எச்370 காணாமல் போனது. அதே வருஷம் ஜூலை 17-ல் எம்எச்17 உக்ரைன் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த வருஷமே மலேசியா ஏர்லைன்ஸ் 6,000 பேரைக் குறைத்தது. அந்தக் காலத்தில் பலர் வளைகுடாவுக்கும் சீனாவுக்கும் போனார்கள். 2020-ல் கோவிட் வந்தபோது மலிண்டோ விமான நிறுவனம் மட்டுமே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது. வேலை இழந்த மலிண்டோ கேப்டன் ஒருவர் சீருடை, தொப்பியோடு சுபாங் ஜெயாவில் கறி மீயும் லக்சாவும் விற்ற படம் உலகம் சுற்றியது நினைவிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் கேட்டால் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்ற கதையைச் சொல்வார்கள். கொழும்பில் கேட்டால் 2022 நெருக்கடியில் ஸ்ரீலங்கன் விமானிகள் வெளிநாட்டுக்குப் போன கதையைச் சொல்வார்கள்.

கோவிட்டுக்குப் பிறகு அமெரிக்காவில் உண்மையாகவே விமானித் தட்டுப்பாடு வந்தது. 2022-ல் சிறு நகரங்களுக்குப் பறக்கும் வட்டார நிறுவனங்கள் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் வரை கொடுக்க ஆரம்பித்தன. அந்தச் செய்திதான் இன்னும் நம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. 2024-ல் பல நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தன, சில நிறுத்தியே வைத்தன. ஸ்பிரிட் நூற்றுக்கணக்கான விமானிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டது, 2025 ஆகஸ்டில் மறுபடியும் கேட்டது. ஏர்பஸ் ஓட்டி, அமெரிக்க லைசென்ஸும் அமெரிக்கக் குடியுரிமையும் கையில் வைத்திருக்கும் அந்த விமானிகளும் இப்போது அதே வரிசையில் நிற்கிறார்கள். நம் பிள்ளை போட்டியிடப் போவது அவர்களோடு.

விசாவுக்கு வருகிறேன். ஏமாற்று வேலை அதிகம் நடக்கிற இடம் இதுதான்.

"நிறுவனம் எச்-1பி விசா எடுத்துத் தரும்" என்று யாராவது சொன்னால் நிதானமாக இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, எச்-1பி என்பது பட்டப்படிப்பு இல்லாமல் பார்க்க முடியாத வேலைக்கு உரியது. விமானி வேலைக்கு அமெரிக்கச் சட்டம் பட்டம் கேட்பதில்லை. அப்படியிருக்க எப்படி எடுப்பீர்கள்? இரண்டு, 2025 செப்டம்பர் 19-ல் அமெரிக்க அதிபர் போட்ட உத்தரவின்படி வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும். வலது இருக்கையில் உட்காரப் போகும் ஒரு புதியவருக்கு அதை யார் கட்டுவார்கள்? பதில் வராது. வந்தாலும் "அதை நீங்கள் கட்டினால் பிறகு சம்பளத்தில் திருப்பித் தருவோம்" என்று வரும். அந்த இடத்தில் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொரு புரளி, ஆசியான் நாட்டு விமானிகளுக்குத் தனி ஒதுக்கீடு என்பது. ஆஸ்திரேலியர்களுக்கு இ-3 என்று ஒரு விசா உண்டு, அதில் அந்த நாட்டு விமானிகள் சிலர் அமெரிக்க வட்டார நிறுவனங்களில் சேர்ந்ததும் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எச்-1பி1 என்று ஒன்று உண்டு. மலேசியாவுக்கு இந்த இரண்டும் கிடையாது. ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறதே என்று நினைத்தால், பாலத்துக்கு இந்தப் பக்கம் கிடைக்காது, அவ்வளவுதான்.

பிறகு "விமானிகளுக்கான கிரீன் கார்டு". இப்படி ஒரு கிரீன் கார்டே இல்லை. இருப்பது இபி-2 பிரிவில் தேசிய நலன் விலக்கு என்ற வழி. வேலை கொடுப்பவர் இல்லாமலே, "நான் செய்யும் வேலை அமெரிக்காவின் தேச நலனுக்கு முக்கியம்" என்று தனி ஆளாக மனுப் போடலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் விமானிகள் சிலருக்கு இது கிடைத்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேற்படிப்பு வேண்டும், அல்லது இளங்கலையும் அதற்குப் பிறகு ஐந்து வருஷ அனுபவமும் வேண்டும். நம் விமானிகளில் பலர் எஸ்பிஎம் முடித்ததும் விமானப் பள்ளிக்குப் போனவர்கள். பட்டம் இல்லாதவர் "அசாதாரணத் திறமை" என்ற இன்னொரு கதவைத் தட்ட வேண்டும். அதற்கு ஆறு அளவுகோலில் மூன்றைக் காட்ட வேண்டும். பத்து வருஷ முழுநேர அனுபவமும் தொழில் உரிமமும் அதில் சேரும் என்பது ஆறுதல். அதையும் தாண்டினால், 2016-ல் வந்த தனசார் என்ற தீர்ப்பு கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். வேலை பார்ப்பது என்பது வேறு, தேசத்துக்கே முக்கியம் என்று நிரூபிப்பது வேறு. தட்டுப்பாடு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க முடியாது.

மனுப் போட்டதற்கு ரசீது வரும். அந்த ரசீதைக் காட்டி "பாதி கிரீன் கார்டு கிடைத்துவிட்டது" என்பார்கள். அந்த ரசீதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு நாள் கூட வேலை பார்க்க முடியாது. அதற்குப் பிறகு வரிசை இருக்கிறது. வரிசை கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. தஞ்சாவூரில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்து மலேசியக் குடிமகனானவர் இந்தியாவின் நீண்ட வரிசையில் போய் நிற்க வேண்டியிருக்கும். மனைவி மலேசியாவில் பிறந்தவராக இருந்தால் அவர் கணக்கில் மாறிக்கொள்ளலாம். இதை ஒரு நல்ல வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். ஏஜெண்டு சொல்ல மாட்டார், அவருக்குத் தெரியாது.

வழக்கறிஞர் என்றதும் ஒன்று. அமெரிக்கக் குடிநுழைவுச் சட்ட ஆலோசனை தர அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கும், நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதிக்கும் மட்டும்தான் அனுமதி. பெயரைக் கேளுங்கள், எந்த மாநில வழக்கறிஞர் மன்றம் என்று கேளுங்கள், அந்த மன்றத்தின் தளத்தில் தேடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையும் மேசை மேல் அமெரிக்கக் கொடியும் வைத்திருப்பது உரிமம் ஆகாது.

எம்-1 மாணவர் விசாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "முதலில் எங்கள் பள்ளியில் சேருங்கள், முடித்ததும் விமான நிறுவனத்தில் சேர்த்துவிடுகிறோம்" என்பது பழைய பாட்டு. தொழிற்பயிற்சிக்கான எம்-1 விசாவில் படிக்கும் காலத்தில் வேலை பார்க்கக் கூடாது. படித்த பிறகு நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகம் போனால் ஆறு மாதம், பயிற்சி வேலை கிடைக்கலாம். பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்பவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, நேர்மையாகப் போகிறவர்கள்? அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் கணவன் மனைவி வழியாகத்தான் போகிறார்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் பொறியாளராக இருக்கும் பெண்ணை அவர் நிறுவனம் அமெரிக்காவுக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஈப்போக்காரர், ஏர்பஸ் கேப்டன். இங்கேதான் யாரும் கவனிக்காத ஒரு எழுத்து அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. மனைவி எல்-1 விசாவில் போனால் கணவருக்கு எல்-2. இறங்கிய நாளிலிருந்து அவர் வேலை பார்க்கலாம். மனைவி எச்-1பி விசாவில் போனால் கணவருக்கு எச்-4. அவர் வேலை பார்க்கக் கூடாது. மனைவியின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதலானாலோ, மனைவி எச்-1பி ஆறு வருஷ வரம்பைத் தாண்டி நீட்டிப்பில் இருந்தாலோதான் கணவர் தனியாக விண்ணப்பித்து வேலை அனுமதி அட்டை வாங்க முடியும். அதுவரை பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மனைவி தன் மனிதவளப் பிரிவிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. எனக்கு எந்த விசா, ஏன் எல்-1 இல்லை? வீட்டு வாடகைப் படியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள். இரண்டு வருஷம் பறக்காமல் இருக்கும் விமானியை எந்த நிறுவனமும் ஆசையோடு கூப்பிடாது. "அண்மைக்காலப் பறப்பு எவ்வளவு" என்பது விண்ணப்பத்தில் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று. அதோடு பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் "எங்கள் ஆதரவு இல்லாமலே இங்கே வேலை பார்க்கும் உரிமை உண்டா" என்றும் அங்கேயே கேட்டுவிடும். இல்லை என்றால் உங்கள் பத்தாயிரம் மணி நேரத்தை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

இனி லைசென்ஸ். "கன்வர்ஷன் பேக்கேஜ்" என்று விற்கிறார்களே, அதில் இருக்கும் ஒரு நரித்தனத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டு லைசென்ஸை அடிப்படையாக வைத்து அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்ஏஏ, பெரிய தேர்வு எதுவும் இல்லாமல் ஓர் அட்டை கொடுக்கும். விதி 61.75. அது தனியார் விமானி அட்டை. சொந்தச் செலவில் நண்பரைக் கூட்டிக்கொண்டு சின்ன விமானத்தில் சுற்றலாம். கூலிக்கு ஒரு மைல் கூடப் பறக்கக் கூடாது. ஏஜெண்டு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு இந்த அட்டையைக் கையில் கொடுத்து "எஃப்ஏஏ லைசென்ஸ் வந்துவிட்டது" என்று படம் எடுத்துப் போடுவார். குடும்பம் கோவிலில் அர்ச்சனை செய்யும். அந்த அட்டையால் ஒரு சென் சம்பாதிக்க முடியாது.

விமான நிறுவனத்தில் பறக்கத் தேவையானது ஏடிபி என்ற உயர்நிலை லைசென்ஸ். மலேசிய ஏடிபிஎல் வைத்திருப்பவர் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம், நேராக அதற்கே விண்ணப்பிக்கலாம். நம் லைசென்ஸ் அசல்தானா என்று எஃப்ஏஏ இங்குள்ள சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான காமிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். அந்தக் கடிதப் போக்குவரத்துக்கே சில மாதம் ஆகலாம், ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். பிறகு ஏடிபி-சிடிபி என்ற கட்டாய வகுப்பு. 30 மணி நேரம் பாடம், 10 மணி நேரம் சிமுலேட்டர். முப்பது வருஷம் ஜம்போ ஓட்டியவருக்கும் விலக்கு இல்லை. அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, கடைசியில் பறப்புத் தேர்வு. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து, அதிலிருந்தவர்கள் எல்லாரும் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் போராட்டத்தால் வந்த கடுமை இது. ஏடிபிக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதியும் அதிலிருந்து பிறந்ததுதான். நம் கேப்டன்களுக்கு மணி நேரம் ஒரு பிரச்சினையே இல்லை.

இந்த வகுப்புக்குப் பல ஆயிரம் டாலர். போயிங் அல்லது ஏர்பஸ் ரகத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங்கும் சேர்த்தால் அதைவிட அதிகம். கவனியுங்கள், வட்டார நிறுவனங்கள் பல தாங்கள் தேர்ந்தெடுத்தவருக்கு ஏடிபி-சிடிபி செலவையும் டைப் ரேட்டிங் செலவையும் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. வேலை உரிமை இருப்பவர் முதலில் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். "டைப் ரேட்டிங் முடித்துவிட்டு வா, வேலை நிச்சயம்" என்பவர் உங்களுக்கு வேலை தரவில்லை, சிமுலேட்டர் நேரத்தை விற்கிறார். கையெழுத்துப் போடும் இடத்தில் "வேலை உத்தரவாதம் இல்லை" என்று பொடி எழுத்தில் இருக்கும். அங்கே மட்டும் அவர் உண்மை பேசுவார்.

இன்னொரு மிரட்டலும் உண்டு. "மலேசிய லைசென்ஸை அமெரிக்கா மதிப்பதில்லை, தரம் இறக்கிவிட்டார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்." பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் முழுப் பொய். 2019 நவம்பரில் எஃப்ஏஏ மலேசியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது உண்மை. 2022-ல் மறுபடி முதல் தரத்துக்கு ஏற்றியது. அந்தத் தரம் நம் ஆணையத்தின் கண்காணிப்பைப் பற்றியது. நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புது வழித்தடம் திறக்க முடியாமல் போனது அதனால்தான். தனி விமானியின் லைசென்ஸை அது செல்லாததாக்கவில்லை.

பயிற்சிக்குப் போகிறவர் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்காரர்களில் சிலர் அமெரிக்க விமானப் பள்ளிகளிலேயே பயின்றவர்கள். அதன் பிறகு, அமெரிக்கக் குடிமகன் அல்லாத யாரும் டைப் ரேட்டிங் போன்ற பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்னால் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமையான டிஎஸ்ஏவின் பின்புலச் சோதனையில் தேற வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இது உண்டு. "அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் பள்ளியில் கால் வைக்காதீர்கள். பள்ளிக்கு அபராதம் விழும், உங்களுக்கோ குடிநுழைவுக் கோப்பில் கறை விழும்.

ஆவணங்களைப் பற்றி. டெலிகிராமில் "இன்டர்வியூ" நடத்தும் ஆள் முதலில் கேட்பது பணம் இல்லை. கடவுச்சீட்டு, லைசென்ஸ், மருத்துவச் சான்று, லாக்புக்கின் கடைசிப் பக்கங்கள். பணம் கேட்கவில்லையே என்று நம்பி அனுப்பிவிடுவோம். அசல் விமானியின் லைசென்ஸ் நகல் போலி ஆவணம் செய்பவனுக்குத் தங்கச் சுரங்கம். போலி லைசென்ஸில் பதின்மூன்று வருஷம் ஐரோப்பாவில் பறந்த ஒரு சுவீடன்காரரை 2010-ல் ஆம்ஸ்டர்டாமில் விமானத்திலிருந்தே பிடித்தார்கள். 2020 ஜூனில் பாகிஸ்தான் அமைச்சர் தம் நாட்டு விமானிகள் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று நாடாளுமன்றத்தில் சொன்னதும், இங்கே நம் காம் ஆணையம் மலேசியாவில் வேலை பார்த்த பாகிஸ்தான் லைசென்ஸ் விமானிகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அவர்களில் ஒழுங்காகப் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். அடுத்தவன் செய்த போலிக்கு அவர்களும் நின்றார்கள். ஐசி நகலில் குறுக்கே இரண்டு கோடு போட்டு இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதித் தருவோமே, அந்த மலேசியப் பழக்கத்தை லைசென்ஸ் நகலுக்கும் செய்யுங்கள்.

உடம்பைப் பற்றி உண்மை எழுதுங்கள். முதல் வகுப்பு மருத்துவச் சான்று அங்கேயும் வேண்டும். நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத குடும்பம் குறைவு. "அமெரிக்க டாக்டருக்கு எப்படித் தெரியும், விட்டுவிடு" என்று அறிவுரை சொல்ல ஒரு மாமா எல்லா வீட்டிலும் இருக்கிறார். 2023-ல் முன்னாள் படைவீரர்களான ஏறத்தாழ 5,000 விமானிகள் மீது எஃப்ஏஏ விசாரணை நடத்தியது வெளியே வந்தது. ஊனமுற்ற படைவீரருக்கான உதவித்தொகையை ஒரு துறையில் வாங்கிக்கொண்டு, இன்னொரு துறையின் மருத்துவப் படிவத்தில் அந்த நோயை எழுதாமல் விட்டவர்கள் என்ற சந்தேகம். இரண்டு கணினிப் பட்டியலை ஒப்பிட்டுப் பிடித்தார்கள். சொந்த நாட்டுப் படைவீரனையே விடாதவர்கள் நம்மை விடுவார்களா? சர்க்கரை நோய்க்கு எஃப்ஏஏவில் வழி இருக்கிறது. இன்சுலின் போடுபவர் கூட, தொடர் கண்காணிப்புக் கருவியின் பதிவுகளோடு, முதல் வகுப்புச் சான்று கேட்டு விண்ணப்பிக்க 2019 நவம்பரிலிருந்து வழி திறந்திருக்கிறது. நோய் வேலையைத் தாமதப்படுத்தும். பொய் லைசென்ஸையே பறிக்கும்.

அதே போல, அங்கே குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டு ஓட்டுநர் லைசென்ஸ் முடக்கமோ தண்டனையோ வந்தால், 60 நாளுக்குள் எஃப்ஏஏவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கார் வழக்குதானே என்று விட்டவர்கள் விமானத்தை இழந்திருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகி ஒருவர் சேர்ந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் சீனியாரிட்டி எண்தான் எல்லாம். சேர்ந்த தேதியை வைத்துப் பட்டியலில் ஓர் எண். எந்த ஊரில் இருப்பது, தீபாவளிக்கு விடுமுறை உண்டா, எந்த விமானம், எப்போது கேப்டன், எல்லாவற்றையும் அந்த எண் சொல்லும். ஐம்பது வயதுக் கேப்டன் இருபத்து நான்கு வயதுப் பையனுக்குக் கீழே போய் நிற்பார். இது கொடுமை என்று சிலர் புலம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிபாரிசும் பரிச்சயமும் நுழைய முடியாத ஒரு முறை அது, நம் ஊரிலும் இருந்தால் தேவலை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். ஓய்வு வயது 65. அதை 67 ஆக்கும் முயற்சி 2024 சட்டத்தில் சேராமல் போனது. ஐம்பதில் போய், லைசென்ஸுக்கும் பயிற்சிக்கும் இரண்டு வருஷம் கழித்தால், எத்தனை வருஷம் மிஞ்சும், அதில் பெரிய நிறுவனத்துக்கு மாறி மறுபடி கடைசி எண்ணிலிருந்து தொடங்க மனம் வருமா என்பதைக் கணவனும் மனைவியும் பேசி முடிவெடுக்க வேண்டும். பாட்டி சொன்னார், பக்கத்து வீட்டில் போனார்கள் என்பதற்காக இல்லை.

அதுவரை இங்குள்ள வேலையை விடாதீர்கள். சம்பளம் இல்லா விடுப்புக் கேட்டுப் பாருங்கள். பயிற்சி பாண்டு இன்னும் எத்தனை மாதம் என்று ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மலேசிய லைசென்ஸையும் மருத்துவச் சான்றையும் காலாவதியாக விடாதீர்கள், திரும்பி வர நேர்ந்தால் ஏறுவதற்கு அதுதான் படி. பெற்றோர் தங்கள் சேமநிதியைத் தொடாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு வந்த பிறகு எந்த நேரமும் பணம் எடுக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏஜெண்டுக்கும் தெரியும். அவர் கேட்கும் "முதல் தவணை" பெரும்பாலும் அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கும் என்று அவர் போட்ட கணக்காகவே இருக்கும்.

பணம் கட்டச் சொன்ன கணக்கு எண் தனி ஆளின் பெயரில் இருந்தாலே நின்றுவிடுங்கள். அமெரிக்க விமான நிறுவனம் எதுவும் கிள்ளானில் உள்ள ஒருவரின் சேமிப்புக் கணக்கில் விசாக் கட்டணம் வாங்காது. விண்ணப்பிப்பவரிடம் கட்டணமே வாங்காது. போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள், முன்பே புகார் இருந்தால் தெரிந்துவிடும். இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று பொருள் இல்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவே.

கட்டிவிட்டீர்களா? இப்போதே 997-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையம் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் வங்கிகள் தடுக்க முடியுமானால் முதல் சில மணி நேரத்தில்தான் முடியும். உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் கூப்பிடுங்கள், பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவில் விசாரிப்பார்கள். அமெரிக்க நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தியிருந்தால் எஃப்பிஐயின் ஐசி3 தளத்திலும் பதியலாம், வெளிநாட்டிலிருந்தே செய்யலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். குரல் பதிவு, வங்கி ரசீது, அந்தக் கடிதம், எல்லாம் அப்படியே இருக்கட்டும். லைசென்ஸ் நகல் அனுப்பியிருந்தால் அதைத் தனியாகக் காம் ஆணையத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். "கேப்டன் வீட்டுக்காரர்கள் ஏமாந்துவிட்டார்கள்" என்று கோவிலில் பேசுவார்களே என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தால், அந்த இரண்டு நாளில் பணம் மூன்று நாடு தாண்டியிருக்கும்.